எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படிக்கும் முறை

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, பணம் கட்டியாயிற்று, தேர்வுக்குத் தேதியும் வந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது கணினித் திரையில் வரும் சில கேள்விகள்தான். "அதெல்லாம் ஒன்றுமில்லை, டிக் அடித்துவிட்டு வந்துவிடலாம்" என்று ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்தவர்கள் சொல்வார்கள். தேர்வு கடினமானதல்ல என்பது உண்மைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 60 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி. பத்துக் கேள்வி என்றால் ஆறு, இருபது என்றால் பன்னிரண்டு.

எனக்குக் கவலை தருவது தவறவிடும் அந்த நாற்பது சதவீதம். ஒருவர் நோ பார்க்கிங் பலகையைத் தவறாகச் சொல்லியும் தேர்ச்சி பெறலாம். இன்னொருவர் சந்திப்பில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதைத் தவறாகச் சொல்லியும் தேர்ச்சி பெறலாம். இரண்டுக்கும் திரையில் குறைவது ஒரே ஒரு மதிப்பெண். சாலையில் முதல் ஆள் அபராதத்தோடு தப்பிப்பார். இரண்டாவது ஆளுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அறுபதுக்குப் படிக்காதீர்கள். பாடம் சிறியது, ஒரு வாரம் போதும். நூற்றுக்குப் படியுங்கள்.

என்னென்ன கேட்பார்கள் என்பதில் மர்மம் ஏதும் இல்லை. விதி 11-இல் நான்கு தலைப்புகள் இருக்கின்றன: சாலைச் சின்னங்களும் சிக்னல்களும் சாலை விதிகளும், விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை, ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும் முறை, வண்டி ஓட்டும்போது கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள். கேள்விகளில் பெரும்பகுதி முதல் தலைப்பிலிருந்து வரும். நாமும் அங்கேயே அதிக நேரம் செலவிடுவோம்.

சின்னங்கள்: படத்துக்கு முன் வடிவம்

பலகையில் வரைந்திருக்கும் படத்தைப் பார்ப்பதற்கு முன் பலகையின் வடிவத்தைப் பாருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கேள்விகளில் தவறான விடைகள் தாமாகவே கழன்றுவிடும்.

வட்டம் என்றால் உத்தரவு. சிவப்பு வளையம் போட்ட வட்டம் ஒன்றைத் தடுக்கிறது அல்லது எல்லை போடுகிறது: ஹாரன் அடிக்காதே, ஓவர்டேக் செய்யாதே, 40-க்கு மேல் போகாதே. நீல வட்டம் ஒன்றைக் கட்டாயமாகச் செய்யச் சொல்கிறது: இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும், இங்கே ஹாரன் அடித்தே ஆக வேண்டும். சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம் எச்சரிக்கை. முன்னால் வளைவு, பள்ளி, குறுகிய பாலம், வேலை நடக்கும் இடம் என்று ஏதோ இருக்கிறது. நீலச் செவ்வகம் தகவல்: மருத்துவமனை, பெட்ரோல் பங்க், பார்க்கிங் இடம்.

இரண்டே இரண்டு சின்னங்களுக்குத் தனி வடிவம். 'நில்' என்பது எட்டு மூலைகொண்ட சிவப்புப் பலகை. 'வழிவிடு' என்பது தலைகீழ் முக்கோணம். இரண்டும் உத்தரவுகள்தான். முக்கோணமாக இருப்பதால் வழிவிடு சின்னத்தை எச்சரிக்கை என்று குறித்து மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் தனி வடிவம் என்று யோசித்துப் பாருங்கள். பலகையில் புழுதி படிந்திருந்தாலும், யாரோ கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டிவைத்திருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். எந்த நிலையிலும் தவறவிடக் கூடாத உத்தரவுகள் அவை.

இனி குழப்பும் ஜோடிகள். திரையில் நான்கு விடைகளில் இரண்டு பெரும்பாலும் இந்த ஜோடிகளாகத்தான் இருக்கும்.

நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு: நோ பார்க்கிங். வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதே வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் நிற்கவே கூடாது. பின்னால் இருப்பவரை இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. நிறம் நீலம் என்பதால் ஒன்றைச் செய்யச் சொல்கிறது என்று எண்ணிவிடாதீர்கள், சிவப்புக் கோடு விழுந்துவிட்டால் தடைதான்.

முக்கோணத்துக்குள் கேட் படம் இருந்தால் ஆள் காவலுள்ள ரயில்வே கடவை. ரயில் எஞ்சின் படம் இருந்தால் காவலில்லாத கடவை. கேட் இருக்கும் இடத்தில் கேட் படம் என்று நினைவில் வைத்தால் மாறாது.

இரண்டு கோடுகள் நடுவில் உள்வாங்கி மறுபடி விரிந்தால் குறுகிய பாலம்; பாலம் முடிந்ததும் சாலை பழைய அகலத்துக்கு வந்துவிடும். உள்வாங்கிய கோடுகள் அப்படியே நேராக மேலே போய்விட்டால் சாலையே குறுகுகிறது.

சிவப்பு வளையத்துக்குள் ஓர் எண். அதன் இடமும் வலமும் சிறு முக்கோணங்கள் இருந்தால் அகல வரம்பு. மேலும் கீழும் இருந்தால் உயர வரம்பு. பைக் ஓட்டப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். கேள்வித் தொகுப்பு எல்லா வண்டிக்கும் பொது. தவிர, உயர வரம்புப் பலகையைப் பார்த்து முன்னால் போகும் லாரி சட்டென்று நிற்கக்கூடும் என்பது பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

வெள்ளை வட்டத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை மட்டும் இருந்தால், அதுவரை இருந்த கட்டுப்பாடு அங்கே முடிகிறது என்று பொருள். சிவப்பு இல்லாத வட்டம் என்பதால் பலர் இதை ஊகித்துத் தவறவிடுகிறார்கள்.

தரையில் போட்டிருக்கும் கோடுகளும் சின்னங்களே. விட்டு விட்டு வரும் வெள்ளைக் கோட்டைப் பாதுகாப்பாக இருந்தால் தாண்டலாம். தொடர் கோட்டைத் தாண்டக் கூடாது. சந்திப்பின் நடுவே மஞ்சள் கட்டங்கள் வரைந்திருந்தால் அதற்குள் வண்டி நிற்கக் கூடாது. எதிர்ப்பக்கம் போக இடம் இருந்தால் மட்டுமே உள்ளே நுழைய வேண்டும். சிக்னலில் நிறுத்தக் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். அதற்கு அப்பால் இருக்கும் வரிக்குதிரைக் கோடுகள் நடந்து போகிறவருடைய இடம்.

சிக்னலில் சிவப்பும் பச்சையும் யாருக்கும் குழப்பமில்லை. மஞ்சளில்தான் விடை தவறுகிறது. மஞ்சள் விழுந்தால் நிறுத்தக் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும். கோட்டை மிக நெருங்கிவிட்டதால் பத்திரமாக நிறுத்த முடியாது என்றால் மட்டும் கடந்து போகலாம். வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடு என்பதற்கான விளக்கு அது இல்லை. விட்டு விட்டு மின்னும் மஞ்சள், வேகம் குறைத்துக் கவனமாகப் போகச் சொல்கிறது. மின்னும் சிவப்பு, முழுதாக நின்று பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறது. விளக்கு ஒன்று சொல்லி, அங்கே நிற்கும் டிராஃபிக் போலீஸ் வேறொன்று காட்டினால் போலீஸ் சைகைதான் செல்லும்.

யாருக்கு வழிவிடுவது?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தேர்விலும் வரும், வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தேவையும் படும். ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

சிக்னலும் இல்லாத, போலீஸும் இல்லாத நான்கு சாலைச் சந்திப்பு. நீங்கள் நேராகப் போக வேண்டும். வலப்பக்கச் சாலையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வருகிறது. (அ) ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துவிடுவேன். (ஆ) வேகத்தைக் குறைத்து ஸ்கூட்டருக்கு வழிவிடுவேன். (இ) யார் முதலில் வருகிறாரோ அவர் போகலாம்.

விடை 'ஆ'. ஆனால் நம் ஊர்ச் சந்திப்புகளைத் தினமும் பார்க்கிற பலர் 'இ'யைக் குறிக்கிறார்கள். கண்ணால் பார்ப்பது அதைத்தானே. அது ஏன் தவறு என்று புரிந்துகொண்டால் விடை மறக்காது. 'யார் முதலில்' என்பதை இரண்டு பேரும் தத்தம் கணக்கில் தீர்மானிப்பார்கள். இருவருமே தாம்தான் முதல் என்று நினைத்தால் நடுவில் மோதுவார்கள். வலப்பக்கம் என்பதில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. நமக்கு இடப்பக்கம் ஓட்டும் சாலை; சந்திப்புக்குள் நுழைந்ததும் நாம் முதலில் குறுக்கே வெட்டுவது வலப்பக்கத்திலிருந்து வருகிறவரின் தடத்தைத்தான். ஒரு தாளில் நான்கு சாலையை வரைந்து, இரண்டு வண்டிகளையும் அதனதன் இடப்பக்கத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதற்கு விலக்குகள் உண்டு. சின்ன சாலையிலிருந்து பெரிய சாலைக்குள் ஏறும்போது, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பெரிய சாலையில் வருகிறவருக்கே முன்னுரிமை. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மலைச் சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்கு இதன் நியாயம் தெரியும்: ஏற்றத்தில் நின்றுவிட்ட பேருந்தை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு, இறங்குகிறவர் பிரேக்கைப் பிடித்து ஒதுங்குவது எவ்வளவு சுலபம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எல்லோருக்கும் மேல். ஓரம் கட்டாமல் மறித்தால் 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

ஓவர்டேக், அதாவது தேர்வுத் தாளின் தமிழில் 'முந்திச் செல்லுதல்', வலப்பக்கமாகத்தான் செய்ய வேண்டும். முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்பப் போவதாகச் சைகை காட்டிவிட்டு நடுவுக்கு வந்துவிட்டால் மட்டும் இடப்பக்கமாகக் கடக்கலாம். வளைவு, மேட்டின் உச்சி, குறுகிய பாலம், எதிரே வருவது தெரியாத இடம், இங்கெல்லாம் கூடாது. 'எந்தச் சூழ்நிலையில் முந்தலாம்' என்று கேட்டு, விடைகளில் ஒன்றாக 'சாலை காலியாக இருந்தால்' என்று வந்தால் அவசரப்படாதீர்கள். வளைவில் சாலை எப்போதும் காலியாகத்தான் தெரியும்.

கைச் சைகைகள்

எல்லா வண்டியிலும் இண்டிகேட்டர் வந்துவிட்ட பிறகும் இந்தக் கேள்விகள் தொடர்கின்றன. பல்ப் எரிந்துபோன நாளில் கைதான் துணை. எல்லாச் சைகையும் வலக்கையால்தான். வலப்பக்கம் திரும்ப: உள்ளங்கை முன்னால் தெரியும்படி வலக்கையைத் தோள் மட்டத்துக்கு நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப: அதே கையை நீட்டிக் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க: உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க, கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த: முழங்கையை மடித்து முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். பின்னால் வருகிறவரை முந்திப் போகச் சொல்ல: கையை முன்னும் பின்னும் வீச வேண்டும்.

இதைப் படத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார்ந்து செய்து பாருங்கள். ஓடும்போது வலக்கை ஹேண்டில்பாரை விட்டதும் ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்பிவிடும், முன் பிரேக்கும் கைக்கு எட்டாது. இடக்கை மட்டும் பிடித்திருக்க வண்டி கொஞ்சம் இழுக்கும். அதனால் திரும்பும் இடத்துக்கு நன்றாக முன்பே சைகை காட்டி முடித்து, கையை மீட்டுக்கொண்டு, பிறகே திரும்ப வேண்டும். நான்கு முறை உடம்பு செய்த சைகையை மூளை மறக்காது. திரையில் படம் வந்ததும் தோள் சொல்லிவிடும்.

ரயில்வே கடவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு ஆளில்லாக் கடவைக்கு வகுத்திருக்கும் முறை தெளிவானது. வண்டியை நிறுத்த வேண்டும். கூட வரும் உதவியாளர் இறங்கி முன்னால் நடந்து, இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியை அழைத்துப் போக வேண்டும். உதவியாளர் இல்லாத வண்டியில் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். பைக் ஓட்டுகிறவருக்குப் பொருந்துவது இந்தக் கடைசி வரி. 'வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்துக்கொண்டு கடப்பேன்' என்பது பார்க்கச் சரிபோலத் தோன்றும் தவறான விடை.

இந்திய ரயில்வே அகலப் பாதைகளிலிருந்த ஆளில்லாக் கடவைகளை 2019 ஜனவரிக்குள் நீக்கிவிட்டது. ஆனாலும் விதி 11-இல் அந்தத் தலைப்பு இருக்கிறது, கேள்வியும் வருகிறது. இன்று நாம் பார்ப்பது கேட் உள்ள கடவை. அங்கே உயிரைப் பறிக்கும் பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: மூடிய கேட்டின் அடியில் பைக்கைச் சாய்த்து நுழைப்பது. ஒரு பக்கத்து ரயில் போனதும் நகர்கிறவர் அடுத்த தண்டவாளத்தில் எதிர்த்திசையில் வருவதைப் பார்ப்பதில்லை. கேட் முழுதாகத் திறக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள்.

விபத்து நடந்தால்

134-ஆம் பிரிவு. உங்கள் வண்டியால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் முதல் கடமை அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது. 108-க்கு அழைப்பதும் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அதில் அடக்கம். கூடிய கூட்டத்தால் உயிருக்கு ஆபத்து போன்ற, நம் கையில் இல்லாத காரணங்களுக்கு மட்டுமே சட்டம் விலக்குத் தருகிறது. அடுத்தது காவல்துறைக்குத் தகவல். அந்த இடத்தில் காவலர் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரிசையைக் கவனியுங்கள், கேள்வி பெரும்பாலும் 'முதலில் செய்ய வேண்டியது' என்றுதான் வரும். ஆவணங்களை எடுத்துவைப்பதோ வண்டியை ஓரம் கட்டுவதோ இன்சூரன்ஸை அழைப்பதோ முதல் வேலை இல்லை.

விபத்தை ஏற்படுத்தாத, வழியில் போகிற நீங்கள் உதவினால் என்ன ஆகும்? 'போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும்' என்ற பயத்தில் ஒதுங்கிப் போனவர்களின் காலம் முடிந்துவிட்டது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைச் சட்ட நடவடிக்கையிலிருந்து பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. இது தேர்வில் வருகிறதோ இல்லையோ, தெரிந்துவைத்திருங்கள். பணம் யார் கட்டுவது என்று யாரும் தயங்கக் கூடாது.

எண்ணும் சட்டமும்

இந்தப் பகுதியில் மட்டும் மனப்பாடம் உண்டு. கியர் வண்டிக்கு வயது 18. கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குப் பெற்றோர் ஒப்புதலோடு 16. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி.; மொபெட்கூட 100 சி.சி.க்கு வந்துவிட்டது. ஆகவே பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டு ஸ்கூட்டரில் டியூஷன் போவதைச் சட்டம் ஏற்கவில்லை. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

மது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். மூன்று பேர் போனாலும் அதே தண்டனை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம், ஹாரன் அடிக்கக் கூடாது. கையில் வேண்டிய ஆவணங்கள்: லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினாலும் செல்லும்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், எண் 4151. கொக்கி போடாத ஹெல்மெட் தலையில் இல்லாததற்குச் சமம். அடி விழுவதற்கு முன்பே அது கழன்று போய்விடும்.

வண்டியைப் பற்றியும் இரண்டொரு கேள்வி வரலாம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது, அதனால் முன் பிரேக்கே அதிகம் நிறுத்தும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மணலிலும் ஈரத்திலும் மெதுவாக அழுத்த வேண்டும். இடைவெளி பற்றிய கேள்விக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர், 60-இல் கிட்டத்தட்ட 17 மீட்டர். முன்னால் போகிறவர் பிரேக் பிடித்ததைப் பார்த்து உங்கள் கை அசைவதற்குள் அவ்வளவு தூரம் போயிருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

படிக்கும் வாரமும் தேர்வு நாளும்

முதல் இரண்டு நாள் சின்னங்கள் மட்டும். மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, வேறொருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் ஒரு சுற்று வாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு பலகைக்கும் பெயரும் வகையும் சொல்லுங்கள். எத்தனை பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அடுத்த இரண்டு நாள் முன்னுரிமையும் சைகைகளும். ஆறாம் நாள் எண்கள். கடைசி நாள் பரிவாகன் சாரதி தளத்திலுள்ள மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள். தவறிய கேள்விகளின் விடையை மட்டும் குறித்துக்கொள்ளாமல், நீங்கள் ஏன் மற்றதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் 'தினமும் இப்படித்தானே எல்லோரும் போகிறார்கள்' என்ற காரணம்தான் வரும். மறக்க வேண்டிய பழக்கம் எது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

தேர்வு மொழியாக நீங்கள் வேகமாகப் படிக்கும் மொழியைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேர வரம்பு உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் பாதசாரி, முந்திச் செல்லுதல், கட்டாயச் சின்னம், எச்சரிக்கைச் சின்னம் ஆகிய சொற்களுக்குப் பழகிக்கொள்ளுங்கள்; அங்கே 'ஓவர்டேக்' என்று இருக்காது. கேள்வியில் 'கூடாது', 'தவிர' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விடைகளுக்குப் போங்கள். ஒன்றும் தெரியாத கேள்வியில், நிற்கச் சொல்லும் அல்லது வழிவிடச் சொல்லும் விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். இது குறுக்கு வழி இல்லை. சாலை விதிகள் எல்லாமே அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆதார் வழியாக விண்ணப்பித்தவர்கள் சாலைப் பாதுகாப்புக் காணொளியைப் பார்த்துவிட்டு ஆன்லைனிலேயே தேர்வு எழுதவும் வழி இருக்கிறது. இங்கேதான் ஒரு வேண்டுகோள். பிரவுசிங் சென்டர்காரரோ புரோக்கரோ "நீங்கள் சும்மா உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மவுஸை வாங்க வந்தால் கொடுக்காதீர்கள். தோற்றால் மறுபடி எழுதலாம், பெரிய நஷ்டம் இல்லை. அடுத்தவர் எழுதி வாங்கிய எல்.எல்.ஆரோடு சாலையில் இறங்கினால், சந்திப்பில் அவர் உங்களோடு வரமாட்டார்.

தேர்ச்சி பெற்றதும் கைக்கு வரும் எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். குறைந்தது 30 நாள் கழித்துத்தான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு, அதாவது எட்டு போட, வர முடியும். அந்த நாட்களில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர். பின் இருக்கையில் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள, உங்களுக்குக் கற்றுத்தருகிறவர் மட்டுமே உட்காரலாம். நண்பரையோ தம்பி தங்கையையோ ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். முடியும் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதற்குள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்காவிட்டால் இந்தத் தேர்விலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.